ஆறு வகுப்பு, ஐந்து திரை

ஞானம்மாளின் வலது கால் மடங்காது. மெட்ரோ படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குள் ஒரு கம்பி குடிவந்தது. வந்த கம்பி பிறகு காலி செய்ய மறுத்துவிட்டது. அதிலிருந்து அந்தக் கால் நேராக நிற்கும், நேராக நடக்கும், உட்கார்ந்தாலும் நேராகத்தான் உட்காரும். பஸ்ஸானாலும் கோயிலானாலும் கல்யாணப் பந்தியானாலும் அவளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் இடம் வேண்டும். உலகத்திடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் தூத்துக்குடிக்கு விமான டிக்கெட் எடுத்தபோது அவள் கணவர் தாஸ் ரொம்ப யோசித்து எடுத்தார். விமானத்தில் இருக்கைகளுக்கு எழுத்துப் போடுவதில் ஒரு நியாயம் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டால் பின்னால் நடந்தது முழுக்க விளங்கிவிடும்.

நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானத்தில் பக்கத்துக்கு மூன்று இருக்கை. இடது பக்கம் ஏ, பி, சி. வலது பக்கம் டி, ஈ, எஃப். ஏ-யும் எஃப்-பும் ஜன்னலோரம். சி-யும் டி-யும் நடைபாதையோரம். பி-யும் ஈ-யும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு. சி-யில் உட்கார்ந்தால் நடைபாதை வலது கைப்பக்கம் வரும், மடங்காத வலது காலை அதில் நீட்டிக்கொள்ளலாம். டி-யில் உட்கார்ந்தால் நடைபாதை இடது பக்கம் போய்விடும், வலது கால் பக்கத்து ஆளின் கால் மேல் ஏறும்.

விசிறி வைத்த சின்ன விமானத்தில் பக்கத்துக்கு இரண்டே இருக்கை. அதற்கு ஏ, பி, சி, டி என்று வரிசையாகப் போட்டிருக்கலாம். போடவில்லை. பி-யையும் ஈ-யையும் விட்டுவிட்டு ஏ, சி ஒரு பக்கம், டி, எஃப் மறுபக்கம் என்று வைத்தார்கள். எந்த விமானமானாலும் ஏ என்றால் ஜன்னல், சி என்றால் நடைபாதை என்று ஊழியர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிய வேண்டும் என்பதற்காக. அழகான ஏற்பாடு. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அப்படி யோசித்தவர்கள் யாரும் ‘வானமாலா’ கம்பெனியில் வேலைக்குச் சேரவில்லை.

ஞானம்மாளுக்குப் பன்னிரண்டு சி, தனக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு பி என்று தாஸ் வாங்கினார். கோலார் தங்கவயலில் பிறந்து, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரைப் பார்த்துக்கொண்டு, பெங்களூர் நீலசந்திராவில் குடியிருக்கும் மனிதர். வாழ்நாளில் முதல் விமானப் பயணம். ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்பதாலும் தள்ளிப்போட முடியாத காரியம் என்பதாலும் துணிந்துவிட்டார்.

காரியம் இதுதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஞானம்மாளின் தம்பி சிரிலுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்காதான் ஞானத்தாய் என்று அவன் குழந்தை உண்டாவதற்கு முன்பே நேர்ந்துகொண்டிருந்தான். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி, அதன் சார்பில் பாதிரியாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சடங்கு. வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும், அந்தப் பங்கில் தவக்காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. இந்த ஞாயிறு தவறினால் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளையைப் பாப்பா என்றே கூப்பிடுவதா என்று சிரில் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.

வானமாலாவில் ஆறு வகுப்பு. சாம்ராட், சாம்ராட் லைட், கிராண்ட், கிராண்ட் மினி, வேல்யூ, வேல்யூ பேசிக். கடல் தாண்டிப் போகும் பெரிய விமானங்களில் வகுப்புக்கு வகுப்பு நிஜமாகவே வித்தியாசம் உண்டு. முன்னால் இருப்பவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவார். பின்னால் இருப்பவர் முன்சீட்டுக்காரரின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு போவார். வானமாலாவிடம் அந்த மாதிரி விமானம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் வகுப்புகள் தயாராக இருந்தன. விமானம் பிறகு வந்துகொள்ளும் என்று கம்பெனி நம்பியது.

ஞாயிறு காலையில் கவுன்ட்டரில் இருந்த வைஷ்ணவி என்ற பெண் திரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். விமானம் மாறிவிட்டதாம். மூன்று மூன்று இருக்கை உள்ளது போய், இரண்டிரண்டு இருக்கை உள்ள விசிறி விமானம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் எல்லோரையும் அதுவாகவே மாற்றி உட்காரவைத்துவிட்டது. எப்படி மாற்றியது என்றால், பழைய விமானத்தில் இடமிருந்து மூன்றாவது ஆள் ஞானம்மாள், ஆகவே புதிய விமானத்திலும் இடமிருந்து மூன்றாவது இருக்கை. அது டி. இரண்டாவது ஆள் தாஸ், ஆகவே இரண்டாவது இருக்கை. அது சி. எழுத்துகளை அவ்வளவு யோசித்து வைத்த மனிதர் இதைக் கேட்டிருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பார்.

தாஸுக்கு இதில் கவலைப்பட எதுவும் தெரியவில்லை. தனக்குக் கிடைத்திருப்பது சி, மனைவிக்குத் தேவையானதும் சி. நடுவில் இருப்பது ஒரு நடைபாதை. “பரவால்லம்மா, நாங்களே மாத்தி உக்காந்துக்கறோம்” என்றார்.

வைஷ்ணவியின் முகம் வெளுத்தது. சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாள். ஆனால் அதற்குள் பின்னாலிருந்து கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் வந்துவிட்டான். சட்டையில் ‘பரத், கேபின் கண்ணிய அதிகாரி’ என்று பித்தளையில் எழுதியிருந்தது.

பரத் தாழ்ந்த குரலில், மிகுந்த பணிவோடு பேசினான். கண்ணியம் அவனுடைய உத்தியோகம் என்பதால் அதை அவன் வீணாக்கவில்லை. விஷயத்தைப் படிப்படியாக விளக்கினான். நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கியதால் ஞானம்மாள் வேல்யூ. நடு இருக்கையில் திருப்தி அடைந்ததால் தாஸ் வேல்யூ பேசிக். விமானம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை. ஆகவே பன்னிரண்டாம் வரிசையில் டி இருக்கும் பக்கம் வேல்யூ, சி இருக்கும் பக்கம் வேல்யூ பேசிக்.

“மேடம், நீங்க இதை சீட் மாத்தறதா பாக்கறீங்க. நாங்க அப்படிப் பாக்க முடியாது. சார் உங்க எடத்துக்கு வந்தா அது அப்கிரேட். நீங்க சார் எடத்துக்குப் போனா அது டவுன்கிரேட். ரெண்டும் ஒரே டைம்ல ஒரே ஃபேமிலியில நடந்தா மத்த பேசஞ்சர்ஸ் எங்களைப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“ரெண்டும் ஒரே மாதிரி சீட்டுதானே தம்பி?” என்று ஞானம்மாள் கேட்டாள்.

“சீட் ஒண்ணுதான் மேடம். கிளாஸ் வேற.”

“நாங்க புருசன் பொஞ்சாதிப்பா.”

“கல்யாணம் உங்க பர்சனல் மேடம். கிளாஸ் எங்க டிபார்ட்மென்ட்.”

வழியே இல்லை என்று அவன் சொல்லவில்லை. வழி இருந்தது. வகுப்பு இறங்குகிறவர் மனம் நோகக் கூடாது என்பதால் அவருக்கு முதலில் கண்ணிய ஆலோசனை தரப்பட வேண்டும். ஆலோசகருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வகுப்பு ஏறுகிறவர் ஷூ அணிந்திருக்க வேண்டும். தாஸ் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய செருப்பு, நன்றாகத்தான் இருந்தது.

சரி, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவனும் மனைவியும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வரும் காலை ரயிலில் வருஷக்கணக்காக வந்துபோனவர்கள் அவர்கள். அந்த ரயிலில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்காருவது உரிமை, ஐந்தாவது ஆள் உட்காருவது உறவு. “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று ஒருவர் கன்னடத்தில் கொஞ்சம் இடம் கேட்டால் மொத்தப் பலகையும் ஒரு சாண் நகரும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் உட்காருகிறது என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

விமானத்தில் ஏற்றும் சடங்கு தொடங்கியது. முதலில் சாம்ராட் பயணிகளை அழைத்தார்கள். அன்றைக்குச் சாம்ராட்டில் யாரும் டிக்கெட் வாங்கவில்லை. ஆனாலும் தரையில் சிவப்பு விரிப்பு விரிக்கப்பட்டது. இரண்டு ஊழியர்கள் இருபக்கமும் நின்று கைகூப்பினார்கள். யாரும் வரவில்லை. வராதவர்கள் நிதானமாக ஏறி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் வெயிலில் நின்றார்கள். பிறகு சாம்ராட் லைட்டை அழைத்தார்கள். அதிலும் ஆளில்லை, ஆனால் லைட் என்பதால் ஓர் ஊழியர் மட்டும் கைகூப்பினார். கிராண்ட், கிராண்ட் மினியில் ஒரு சில பேர். மீதி விமானம் முழுக்க வேல்யூவும் வேல்யூ பேசிக்கும்.

இந்த வகை விசிறி விமானத்தில் ஒரு விசேஷம் உண்டு. பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம். முன்பக்கம் சாமான் அறை. ஆகவே பெரிய விமானத்தில் எந்த முன்வரிசைக்கு மவுசோ, அதுதான் இதில் கதவுக்கு மிகத் தூரமான மூலை. முதலில் ஏறி, கடைசியில் இறங்கி, பெட்டி படுக்கைகளோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வர வேண்டிய இடம். வானமாலா அதைத்தான் சாம்ராட் ஆக்கியிருந்தது. முன்னால் இருப்பதுதான் உயர்வு என்று கம்பெனியின் கையேட்டில் இருக்கிறது. கதவு எங்கே இருக்கிறது என்று கையேட்டில் இல்லை.

விமானத்தில் எல்லா இருக்கையும் ஒரே அகலம், ஒரே உயரம், ஒரே நீலத் துணி. வித்தியாசம் தெரிவதற்காகத் தலை சாயும் இடத்தில் ஆறு நிறத்தில் கைக்குட்டை மாட்டியிருந்தார்கள். ஆறு வகுப்புக்கும் நடுவே ஐந்து திரை. கழிப்பறை வால் பக்கம் ஒன்றே ஒன்று. சாம்ராட் பயணி சாதாரணக் கழிப்பறையைப் பயன்படுத்தும் நிலை வரக் கூடாது என்பதால் அதன் கதவில் தங்க நிறத்தில் ‘சாம்ராட் மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. சாம்ராட்டில் ஆள் இல்லாததால் அது அன்று மிகவும் சுத்தமாக இருந்தது.

ஞானம்மாளும் தாஸும் பேசாமல் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஞானம்மாள் சி-யில் உட்கார்ந்து காலை நடைபாதையில் நீட்டி, “அப்பாடா” என்றாள். சர்வீஸ் நேரத்தில் வண்டி வந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம் என்று அவளுக்கு யோசனை.

வாசல் பக்கம் ஊழியர் இருக்கையில் தானும் பயணமாகிக்கொண்டிருந்த பரத், கதவு சாத்துவதற்கு முன் ஒரு முறை கைக்குட்டை நிறங்களைச் சரிபார்த்தபடி வந்தான். பன்னிரண்டாம் வரிசையில் நின்றான். வேல்யூவின் ஊதாக் கைக்குட்டையில் வேல்யூ பேசிக்கின் தலை சாய்ந்திருந்தது.

அவன் கோபப்படவில்லை. வருத்தப்பட்டான். அது இன்னும் மோசம். எழுந்து மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டான். கால் மடங்காது என்று ஞானம்மாள் சொன்னாள். அதைத் தான் மதிப்பதாகச் சொன்னான். டி-யில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் மடியில்தான் கால் போகும் என்று சொன்னாள். அதையும் மதிப்பதாகச் சொன்னான். எஃப்-பில் இருந்த அந்த அம்மாள் மதிப்பதாகச் சொல்லவில்லை, தன் பையை எடுத்து மடிக்கு அணையாக வைத்துக்கொண்டாள். அவசர வழிப் பக்கம் இடம் தாராளமாக இருக்கிறதே, அங்கே உட்காரலாமா என்று தாஸ் கேட்டார். கால் சரியில்லாதவர் அங்கே உட்காரக் கூடாது, ஆபத்து வந்தால் கதவைத் திறக்க வேண்டியவர் அவர் என்று பரத் சொன்னான். அது நியாயமான விதிதான். அன்று அவன் சொன்னதில் அது ஒன்றுதான் அப்படி. “நல்ல கால் இருக்கறவங்கதான் காலை நீட்டலாம் மேடம்” என்று முடித்தபோது அதையும் கெடுத்துவிட்டான்.

இப்படியே நேரம் போய்க்கொண்டிருந்தது. சிரிலின் போன் வந்தது. முதல் பூசை முடிந்துவிட்டதாம். விமானம் இன்னும் பெங்களூரில்தான் நிற்கிறது என்று சொல்ல ஞானம்மாளுக்கு வாய் வரவில்லை. கிளம்பிவிட்டோம் என்று மட்டும் சொன்னாள். நீலசந்திராவிலிருந்து கிளம்பியது உண்மைதானே.

அப்போது விமானி அறைக் கதவு திறந்து கேப்டன் வெளியே வந்தார். தலை நரைத்த, கறாரான அம்மாள். முன்பக்கம் எடை போதவில்லை, வால் கனமாக இருக்கிறது, இப்படியே கிளம்ப முடியாது என்றார்.

இதையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். விமானம் என்பது இறக்கையைப் பிடித்துத் தொங்கவிட்ட தராசு மாதிரி. முன்னும் பின்னும் பாரம் ஓரளவு ஒத்திருக்க வேண்டும். வால் பக்கம் எல்லோரும் குவிந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே வால் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இந்த விமானத்தின் வாலுக்கு ஒரு முட்டுக்கொம்பு வைப்பார்கள். மேலே போன பிறகு கொம்பு வைக்க ஆள் இல்லை. ஆகவே பாரம் சரியில்லையென்றால் பின்னால் இருப்பவரில் ஒருவரை எழுப்பி முன்னால் உட்காரவைப்பார்கள். தராசின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்காருகிறாரோ அவ்வளவுக்கு அவர் எடை கூடுதலாகப் பேசும். முன்வரிசையில் எழுபது கிலோவுக்கு ஒரே ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும் என்றார் கேப்டன்.

ஞானம்மாள் எழுபத்திரண்டு கிலோ. முன்னால் சாம்ராட் முழுக்கக் காலி. இரண்டாம் வரிசை சி-யில் அவளை உட்காரவைத்தால் விமானத்துக்கும் சமன், காலுக்கும் இடம். விமானப் பணிப்பெண் யாமினி இதைப் பார்த்ததும் ஞானம்மாளின் கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

பரத் நான்காவது திரையில் வழிமறித்தான். வேல்யூ பயணியைச் சாம்ராட்டில் உட்காரவைக்க முடியாது.

“யாருமே இல்லையே சார், காலியாத்தானே இருக்கு” என்றாள் யாமினி.

“காலியா இருக்கறதாலதான் முடியாது. யாமினி, நீங்க டிரெய்னிங்ல தூங்கிட்டீங்க. நாம சாம்ராட்ல என்ன விக்கறோம்? சீட்டா? சீட் எல்லாருக்கும் ஒண்ணுதான். பக்கத்துல இந்த மாதிரி ஆளுங்க இல்லங்கறதைத்தான் விக்கறோம். அதை இன்னிக்கு யாரும் வாங்கலைன்னா, இலவசமா குடுத்துடறதா?”

சொன்ன பிறகு தான் அழகாகச் சொன்னதாக அவனுக்கே பட்டிருக்க வேண்டும். கோட்டைச் சரிசெய்துகொண்டான்.

பிறகு அவனுக்கு ஒரு தீர்வு தோன்றியது. பயணிகள் முன்னால் போக வேண்டும், ஆனால் வகுப்பு தாண்டக் கூடாது. அப்படியென்றால் வகுப்பை நகர்த்தலாம். யாமினியையும் இன்னொரு பணிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு ஐந்து திரைகளையும் கழற்றினான். சாம்ராட்டை வாலுக்குக் கொண்டுபோனான். வேல்யூ பேசிக்கை மூக்குக்குக் கொண்டுவந்தான். கைக்குட்டைகள் இடம் மாறின. உட்கார்ந்திருந்த யாரையும் அவன் எழுப்பவில்லை. அவர்கள் தலைக்குப் பின்னால் நிறம் மட்டும் மாறியது. வியர்க்க விறுவிறுக்க எல்லாம் முடித்துவிட்டு விமானி அறையைத் தட்டி, வேல்யூ பேசிக் இப்போது முன்னால் வந்துவிட்டது என்று அறிவித்தான்.

கேப்டன் எட்டிப் பார்த்தார். முன்வரிசைகள் முன்போலவே காலி. பின்வரிசைகளில் முன்போலவே ஆட்கள்.

“திரைக்கு எடை கிடையாது” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரைகள் மறுபடி கழற்றப்பட்டுப் பழைய இடத்துக்கு வந்தன. சிரில் மறுபடி கூப்பிட்டான். இரண்டாம் பூசை தொடங்கப்போகிறதாம். கோயில் வாசலில் பாதிரியாரிடம் பேசிவிட்டானாம். பூசைக்குப் பிறகு கொஞ்ச நேரம் காத்திருப்பார், ஆனால் மதியம் அவர் வேறு ஊருக்குப் போக வேண்டும். குழந்தைக்கு வெள்ளை கவுன் போட்டாயிற்று என்றான். ஞானம்மாள் போனை மூடிவிட்டுப் பரத்தைப் பார்த்தாள்.

“தம்பி, என்னை சாம்ராட்டுன்னு சொல்ல வேணாம். மகாராணின்னும் சொல்ல வேணாம். மூட்டைன்னு நெனச்சு அங்க போடு. போய்ச் சேந்தா போதும்.”

வயிற்றெரிச்சலில் சொன்னது. ஆனால் பரத்தின் முகம் மலர்ந்தது. எடை போதாத விமானத்தில் சமன் செய்ய மணல்மூட்டை வைப்பது உண்டு. மூட்டைக்கு வகுப்பு கிடையாது. வகுப்பே இல்லாத ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கலாம். மூட்டை சாம்ராட்டில் இருந்தால் சாம்ராட் காலியாக இருப்பதாகத்தான் கணக்கு. அவன் அப்போதே விமானத்தின் எடைத்தாளில் ஞானம்மாளின் பெயரைப் பயணிகள் பக்கத்திலிருந்து அடித்துவிட்டு, சமன் மூட்டை என்ற இடத்தில் எழுபத்திரண்டு என்று எழுதினான்.

“ஆனா மேடம், சில விஷயம் புரிஞ்சுக்கணும்” என்று அவன் விளக்கினான். “மூட்டைக்கு சர்வீஸ் கிடையாது. தண்ணி, டீ கேக்கக் கூடாது. பெல் அடிக்கக் கூடாது. வெல்கம் சொல்ல மாட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க. அப்புறம் மூட்டை பேசறதில்ல. பேசினா அது பேசஞ்சர் ஆயிடும். பேசஞ்சர் ஆயிட்டா சாம்ராட்ல இருக்க முடியாது.”

தாஸ் எழுந்தார். இருபத்தெட்டு வருஷமாகக் கூட வாழ்கிறவளை ஒருவன் முகத்துக்கு நேரே மூட்டை என்கிறான். அவர் வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். “விடுங்க. பாப்பா காத்துக்கினு இருக்கு” என்றாள். அதுதான் அவள் பயணியாகப் பேசிய கடைசிப் பேச்சு.

ஐந்து திரைகளையும் தாண்டி, ஆளில்லாத சாம்ராட்டின் இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். குறுக்கே நடக்க ஒருவரும் இல்லை. ராணி மாதிரி நீட்டலாம். விசிறிகள் சுழன்றன, விமானம் மூக்கும் வாலும் சமமாக மேலே எழுந்தது. அவள் எடையால்தான் எழுந்தது. தண்ணீர்த் தாகம் எடுத்தபோது அவள் கேட்கவில்லை. யாமினி ஒரு டம்ளர் தண்ணீரோடு சாம்ராட் வரை வந்து, ஜன்னல் மூடிகளைச் சரிபார்த்து, டம்ளரைப் பக்கத்து இருக்கையின் தட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஞானம்மாளும் நன்றி சொல்லவில்லை, சொன்னால் அது பேச்சு.

தூத்துக்குடியில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. கதவு வால் பக்கம் என்பதால் வேல்யூ பேசிக் முதலில் இறங்கியது. தாஸ் படிக்கட்டடியில் நின்றுகொண்டார். எல்லோரும் இறங்கினார்கள். ஞானம்மாள் மட்டும் வரவில்லை.

உள்ளே பரத் அவள் முன்னால் நின்றிருந்தான். பணிவாகத்தான் நின்றிருந்தான். திரும்பும் விமானத்திலும் சாம்ராட்டில் ஆளில்லை, வால் பக்கம்தான் நிறைய டிக்கெட் போயிருக்கிறது, எழுபது கிலோ மறுபடி வேண்டும். மேலும், எடைத்தாளில் எழுதப்பட்ட சமன் மூட்டை விமானத்தின் உபகரணம். தீயணைப்புக் குழாய் மாதிரி. அது விமானம் கிளம்பிய ஊரில்தான் இறக்கப்படும். பெங்களூருக்குப் போனதும் மேடம் தாராளமாக இறங்கலாம், அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு வரலாம், அதற்குக் கம்பெனி ஒரு சலுகைக் கூப்பன்கூடத் தரக்கூடும்.

ஞானம்மாள் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள்.

“மேடம், நீங்க ஷீட்ல இருக்கீங்க. சொன்னா கேக்கணும்.”

“மூட்டை எங்கயாவது சொன்ன பேச்சு கேட்டுப் பாத்திருக்கியாடா?” என்றாள் ஞானம்மாள்.

அவன் வழியில்தான் நின்றான். ஆனால் மடங்காத கால் முன்னே வந்தது, அது வளைந்து கொடுக்கிற கால் இல்லை. பரத் ஒதுங்க வேண்டியிருந்தது. ஒதுங்கியவன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். ஞானம்மாள் முதல் திரையை விலக்கினாள். இரண்டாவதை விலக்கினாள். மூன்றாவது கையோடு கழன்று வந்தது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய் யாமினியிடம் மடித்துக் கொடுத்தாள்.

படியில் இறங்கும்போது உள்ளே கேப்டனின் குரல் கேட்டது. எழுபது கிலோ எங்கே என்று கேட்டார். இறங்கிவிட்டது என்று யாமினி சொன்னாள். அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பது யார், எத்தனை கிலோ என்று கேட்டார். கண்ணிய அதிகாரி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். தன் இடம் வாசல் பக்கம் என்றோ, தான் ஊழியன் என்றோ இருக்கும். யாமினியின் குரல் அவனைவிடத் தாழ்வாக, அவனைவிடப் பணிவாக வந்தது.

“சார், பேசாதீங்க சார். பேசினா பேசஞ்சர் ஆயிடுவீங்க. உங்ககிட்ட டிக்கெட் இல்ல.”

பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

சிரிலின் நண்பர் ஒருவர் காரோடு நின்றிருந்தார். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்ட வைத்து, நகரத்துக்குள் அவர் ஓட்டிய ஓட்டத்தில் தாஸ் இரண்டு முறை சிலுவை போட்டுக்கொண்டார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிரியார் அங்கியைக் கழற்றப் போயிருந்தார். சிரில் உள்ளே ஓடிப்போய் அவரைத் திரும்ப அழைத்துவந்தான். தம்பி மனைவி குழந்தையை ஞானம்மாளின் கையில் வைத்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. இந்தச் சுமைக்கு யாரும் எடை பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஞானம்மாளுக்குத் தோன்றியது.

பாதிரியார் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டி, ஞானத்தாயைப் பார்த்து முறைப்படி கேட்டார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்றார். விட்டுவிடுகிறேன் என்றாள். அவனுடைய செயல்களையெல்லாம் விட்டுவிடுகிறீர்களா என்றார். விட்டுவிடுகிறேன் என்றாள்.

“அவனுடைய வெற்று ஆடம்பரங்களையெல்லாம் விட்டுவிடுகிறீர்களா?”

“விட்டுவிடுகிறேன்” என்று ஞானம்மாள் சொன்ன சத்தத்தில் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தது. பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“இதை மட்டும் இன்னொரு வாட்டி கேளுங்க ஃபாதர்” என்றாள் ஞானம்மாள்.